மோரிஸுக்குள் அவான்சா

ஜொகூரில் இதுவரை நடந்த பெரிய காரியங்கள் இரண்டு. ஒன்று, சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் போட்டது. இன்னொன்று, தெப்ராவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிரேமலா ஆன்ட்டி தன் பழைய மோரிஸ் மைனர் காருக்கு எஞ்சின் மாற்றியது. எது கடினம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். பாலத்துக்குக் கல்லும் மண்ணும் போதும். நிலாவுக்கு ராக்கெட் விடுகிறவர்கள் ஒரு தடவை எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்து ஆன்ட்டியின் கார் கொட்டகையை எட்டிப் பார்த்திருந்தால், வெட்கப்பட்டு வேறு வேலை தேடியிருப்பார்கள்.

நான் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் அழவில்லை. அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் விஷயத்தில் பிழை இருக்காது. எல்லாவற்றையும் மதில்மேல் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

ஆன்ட்டி விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி சிங்கப்பூர் போவார். அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். லைன் பக்கத்தில் யாராவது தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தால் அன்று அவர்களுக்கு அர்ச்சனைதான். கணவர் இறந்தபோது மகள் லோஷினி ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். கூரை ஒழுகலை அடைத்ததும் ஆன்ட்டிதான், லோஷினியை நர்ஸ் ஆக்கியதும் ஆன்ட்டிதான். தனக்கென்று வாங்கியது அந்தக் கார் மட்டும். பாண்டான் கேக் பச்சை நிறம், ஆமை முதுகு. வெள்ளிக்கிழமை தவறாமல் அதைக் குளிப்பாட்டி, பானெட்டைத் திறந்து எஞ்சின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குங்குமம் வைப்பார். எங்கள் வரிசையில் என்னைவிட அதிகமாகக் குளித்தது அதுதான்.

ஆனால் எஞ்சினுக்கு வயசாகிவிட்டது. லோஷினிக்கு பெக்கோக்கில் மாப்பிள்ளை அமைந்து, நிச்சயத்துக்குப் போன அன்று, சாஆ ஊரைத் தாண்டியதும் அது கொதித்து நின்றது. பின்சீட்டில் பழத்தட்டுகளோடு நானும் இருந்தேன். செம்பனைக்காய் லோரி ஒன்று கயிறு கட்டி எங்களை இழுத்துப் போய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் விட்டது. பட்டுச்சேலையோடு ஆன்ட்டி இறங்க, மாப்பிள்ளையின் பெரியப்பா விஜயன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கல்யாணத்தன்னிக்கு நாங்களே காடி அனுப்பிடுறோம்மா. பொண்ணு வர்ற நேரத்துல லோரி கெடைக்குமோ கெடைக்காதோ."

பந்தலே சிரித்தது. ஆன்ட்டி கையிலிருந்த தட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: "என் மகள நானேதான் ஓட்டிட்டு வருவேன். இதே காடியில. நீங்க ஆலாத்திய மட்டும் கரைச்சு வைங்க."

"அப்ப முகூர்த்தத்த மறுநாளைக்குத் தள்ளி வச்சிருவோம் லா!" என்றார் விஜயன். இன்னும் பெரிய சிரிப்பு.

திரும்பும்போது லோஷினி, "விடுங்கம்மா, அவங்க காடியிலேயே போயிக்கலாம்" என்றாள்.

"போலாம். அப்புறம் ஆயுசுக்கும் அவங்க சொல்ற காடியிலதான் போகணும்" என்றார் ஆன்ட்டி.

மறு ஞாயிற்றுக்கிழமையே கில்பர்ட் அண்ணன் வந்தார். பெரிய பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவர். காலையில் சர்ச், அதற்குப் பிறகு எங்கள் தாமானில் யார் வண்டி படுத்திருந்தாலும் அதன் அடியில் இவர் படுத்திருப்பார். பின்பக்கம் நசுங்கிய ஓர் அவான்சா காரின் எஞ்சினைப் பேசி முடித்திருந்தார். அதுவும் மோரிஸ் மாதிரியே பின்சக்கரம் தள்ளும் வண்டி, அதனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாக உள்ளே இறக்கலாம் என்று விளக்கினார். தள்ளுவண்டியில் வந்து இறங்கிய அதைப் பார்க்க மதிலிலிருந்து குதித்தேன். பளபளவென்று, மோரிஸை ஒரே வாயில் விழுங்கிவிடும் போல இருந்தது. அந்த ஆமைக்குள் இதுவா?

இறங்கியது. சும்மா இறங்கவில்லை. கியர்பாக்ஸ் உட்கார காரின் நடு முதுகை வெட்டி, தட்டி, மறுபடி ஒட்டினார்கள். எஞ்சினைத் தாங்கப் புது இரும்புக் கால்கள். புது ரேடியேட்டர், அதற்கு மின்விசிறி. எஞ்சினோடு வந்த வயர்கள் கொட்டிவிட்ட மீ கோரெங் நூடுல்ஸ் மாதிரி தரையெல்லாம் கிடந்தன. கில்பர்ட் அண்ணன் தலையைச் சொறிந்தார். ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வயராக எடுத்து, எங்கே போகிறதென்று பார்த்துக் கலர் டேப் ஒட்டினார். அதுதானே அவர் வேலை.

எல்லாம் முடிந்து பானெட்டை இறக்கினால், மூடவில்லை. எஞ்சின் உயரம்.

"பானெட்ட வெட்டிடலாம் அக்கா. மேல ஒரு மூடி வச்சா ரேஸ் காடி மாதிரி இருக்கும்."

"ஏன், ரெண்டு கொம்பும் வச்சிடேன், எருமை மாதிரி இருக்கும். என் காடி மூஞ்சில கத்தி பட்டுச்சு, உன் மூஞ்சில என்ன படும்னு தெரியாது, கில்பர்ட்டு."

மறுபடியும் எஞ்சினைத் தூக்கி, கால்களைக் குட்டையாக்கி, இறக்கினார்கள். பானெட் 'க்ளிக்' என்று மூடியது. நான் மதிலிலிருந்து கைதட்டினேன்.

முதல்முறை ஸ்டார்ட் செய்த நாளைச் சொல்லாவிட்டால் பாவம். ஆன்ட்டி சாவியைத் திருப்பிய அதே நொடியில் நான் பின்னால் நின்று காலி எண்ணெய்த் தகரத்தை ஒரு அடி அடித்தேன். டமார்! கில்பர்ட் அண்ணன், "ஏசுவே!" என்று ரோட்டுக்கே ஓடிவிட்டார். ஆன்ட்டி ஓடவில்லை. ஜன்னல் வழியாக ஒரு செருப்பு வந்து சரியாக என் முதுகில் விழுந்தது. அப்போதுதான் கவனித்தோம், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. பானெட் நடுங்கவில்லை, புகை இல்லை. ஆன்ட்டி காதை ஸ்டியரிங்மேல் வைத்துக் கேட்டார். நான் இரண்டாவது செருப்பையும் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

பரிசோதனை, பதிவு என்று அலைந்து எல்லாம் சரியாகி, கல்யாண நாளும் வந்தது. என் வீட்டார் உட்பட எல்லாரும் விடிகாலையிலேயே பஸ்ஸில் பெக்கோக் போய்விட்டார்கள். நான் போகவில்லை. வேட்டி கட்டச் சொன்னார்கள். மெர்சிங்கில் கூட்டாளிகளோடு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டேன். மதிலில் உட்கார்ந்து, மோரிஸ் கிளம்புவதை மட்டும் பார்க்கலாம் என்று இருந்தேன்.

மல்லிகைச் சரம் சுற்றிய கார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். கோட்டும் டையுமாகக் கில்பர்ட் அண்ணன். ஆன்ட்டி பானெட்டைத் திறந்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, வெள்ளிக்கிழமை வழக்கத்தில் செம்பை எடுத்து ஊற்றினார். நல்ல நாளாயிற்றே, முழுச் செம்பும்.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. குலுங்கியது. நின்றது.

"அக்கா, மேல என்ன ஊத்துனீங்க?"

"மஞ்சத்தண்ணி."

"அலமாக்! பழைய எஞ்சின் எருமை மாதிரி, எதுல வேணும்னாலும் குளிக்கும். இதுக்குத் தலை மேலதான் கரண்டு எல்லாம் இருக்கு!"

ஆன்ட்டியின் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை. லைனில் ஒரு பாட்டிலையும் விடாத மனுஷி. விஜயனின் சிரிப்பு எனக்கே காதில் கேட்டது.

ஆன்ட்டி காரை விட்டு இறங்கினார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகி, "லோஷினி! ஹேர் டிரையர்!" என்றார்.

"முடி இன்னும் காயலம்மா!"

"உன் முடி பெக்கோக் போறதுக்குள்ள காத்துலயே காஞ்சிடும். குடு!"

கில்பர்ட் அண்ணன் எஞ்சின் தலையிலிருந்த சொருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, ஆன்ட்டி துடைத்துத் துடைத்துச் சூடு காட்டினார். பாதி அலங்காரத்தில் மணப்பெண் டிரையர் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி சாவி. இந்த முறை எஞ்சின் இருமவில்லை. நாலு எலுமிச்சம்பழமும் ஒன்றாக நசுங்க, மோரிஸ் வாசலைத் தாண்டியது. முன்சீட்டில் கில்பர்ட் அண்ணன், பின்னால் மணப்பெண்.

"மெர்சிங்ல நிறைய மீன் புடிடா, தீபா!" என்று ஆன்ட்டி என்னைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார்.

நான் மெர்சிங் பக்கம்தான் கிளம்பினேன். முதல் சமிக்ஞை விளக்கில் என் கப்சாய் மோட்டார் சைக்கிள் தானாகத் திரும்பிவிட்டது. அந்த வண்டி அப்படித்தான், சொன்ன பேச்சுக் கேட்காது.

நெடுஞ்சாலையில் மோரிஸைப் பிடித்தபோது வாய்விட்டுக் கத்தினேன். என்ன போக்கு அது! பஸ்ஸை முந்தியது. கண்டெய்னர் லோரியை முந்தியது. ஒரு புதுக் காரில் இருந்தவர்கள் ஜன்னலை இறக்கிப் படம் பிடித்தார்கள். நான் தூரத்தில், லோரிகளுக்குப் பின்னால் மறைந்து மறைந்து போனேன். ஆனால் ஏற்றம் வரும்போதெல்லாம் மோரிஸின் வேகம் குறைந்தது. உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறதோ? சூடேறுகிறதோ? யோங் பெங்கில் ஊர்ந்தது. சாஆ தாண்டி, போன முறை நின்ற அதே இடத்தில் ஓரம் கட்டுகிற அளவுக்கு மெதுவாகப் போனது. நான் ஹெல்மெட்டுக்குள் முனீஸ்வரர், மாதா, எல்லாரையும் கூப்பிட்டேன். மாதா கில்பர்ட் அண்ணனுக்காக. பிறகு ஒரே சீறல், மறுபடி பறந்தது.

பெக்கோக் கோயில் வாசலில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தவர்களே வாசிப்பை நிறுத்திப் பார்த்தார்கள். நேரம் நெருங்கி விஜயன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மோரிஸ் உள்ளே நுழைந்தது. புகையில்லை, கயிறில்லை. பட்டுச்சேலையில் ஆன்ட்டியே ஓட்டி வந்து நிறுத்தினார். விஜயன் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே!" என்றார்.

"ஆலாத்தி எங்க?" என்று மட்டும் கேட்டார் ஆன்ட்டி. ஓடிப்போய்க் கொண்டுவந்தவர் விஜயன்தான்.

நான் சாப்பாட்டுச் சாமான் லோரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஆன்ட்டி நேராக அங்கே வந்தார்.

"மெர்சிங் எப்படா பெக்கோக் பக்கம் வந்துச்சு?"

"வழி தப்பிருச்சு ஆன்ட்டி."

என் பையை வாங்கித் திறந்தார். தண்ணீர்ப் பாட்டில்கள், ஸ்பேனர், கயிறு. அடியில் லோஷினியின் ஹேர் டிரையர்.

"இத ரோட்டுல எந்தச் செம்பனை மரத்துலடா சொருகப் போற?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

"யோங் பெங் வர்றதுக்கு முன்னாடியே கண்ணாடியில பாத்துட்டேன். உன் டப்பா ஏத்தத்துல இழுக்கல. பின்னாடி காணோம்னா கால எடுத்துருவேன், தெரிஞ்சா மிதிப்பேன். என் மகள் முகூர்த்தத்துக்கு லேட்டாகப் பாத்தது எஞ்சினால இல்ல, உன்னாலதான்டா, எருமை. வா உள்ள."