மீன் மேல் போட்ட பூ

அந்தமானில், வண்டூரில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில், சாப்பாட்டுத் தட்டுகளை அலங்கரித்து அனுப்புவது என் வேலை. கடுகையும் வெந்தயத்தையும் ட்ரேயில் தூவி, இரண்டு இலை விட்டதும் கத்தரித்தால் அதற்குப் பெயர் மைக்ரோகிரீன்ஸ். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் கீரை வந்து சேர்வதற்குள் வாடிவிடும் என்பதால், சமையலறைக்குப் பின்னால் நாங்களே வளர்க்கிறோம். பக்கத்திலேயே மருந்தடிக்காத செண்டுமல்லித் தொட்டிகள். அதன் இதழ்களை இடுக்கியால் எடுத்து, சுட்ட மீன் மேல் மூன்றே மூன்று வைக்க வேண்டும். நான்காவது விழுந்தால் எங்கள் வங்காளி செஃப் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

ராமநாதபுரம் பக்கத்தில் இருந்த அப்பாவிடம் இதைப் போனில் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பூவச் சாமிக்குப் போடு, தலையில வையி. இல்லையா, நான் போறப்ப என் மேல போடு. மீனு மேல எதுக்குத்தா?"

"அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க, பேசாம இருங்கப்பா" என்று நானும் சிரித்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேலையில் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். அப்பா போய்விட்டார். என் கணவர் ஏர்போர்ட்டுக்கு ஓடினார். அன்றைய சென்னை விமானங்களில் ஓர் இடம்கூட இல்லை, மறுநாள் காலைதான். நான் வரும்வரை வைத்திருக்கச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சினேன்.

"ஐஸ் பெட்டி கொண்டுவந்தாச்சுத்தா. ஆனா நாளைக்குச் சனிக்கிழம. எடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. இன்னைக்குச் சாயங்காலமே எடுக்குறோம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. கிழமைக்காக ஒரு மகளை விட்டுவிட்டுப் போகலாமா? போயிருந்தாலும் பெண்களுக்குத் தெருமுனை வரைதான். அந்தத் தெருமுனைகூட எனக்கு இல்லை என்றாகிவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. சமையலறையில் யாரிடமும் சொல்லவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை கேட்டால் உடைந்துவிடுவேன் என்று பயம். தீவில் எங்களுக்குச் சீக்கிரமே இருட்டிவிட்டது. அங்கே இன்னும் வெளிச்சம் இருக்கும், இப்போதுதான் தூக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டே இடுக்கியை எடுத்தேன். ஓர் இதழும் அதில் நிற்கவில்லை. இடுக்கியைக் கீழே வைத்தேன். கிண்ணத்துக்குள் கையை விட்டு இதழ்களை அள்ளி, பாடைக்கு முன்னால் தெருவில் போட்டுக்கொண்டே போவார்களே, அப்படிப் போட்டேன். வரிசையாக இருந்த தட்டுகள் எல்லாவற்றிலும் போட்டேன். மீன் மேல், கீரை மேல், மேசை மேல்கூட விழுந்தது.

செஃப் பின்னால் வந்து நின்றார். இன்றைக்கு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். போனாலும் போகட்டும் என்றிருந்தது.

"அரே வா! ரோஜ் ஐசா ஹி டாலோ" என்றார். தினமும் இப்படியே போட வேண்டுமாம். போட்டோ வேறு எடுத்துக்கொண்டார்.

ஊரில் காரியமெல்லாம் முடிந்து திரும்பினேன். விஷயம் தெரிந்து செஃப் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நல்ல மனிதர்தான். சற்று நேரம் கழித்து, புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்களை அழைத்துவந்தார். சுவரில் அந்த போட்டோ ஒட்டியிருந்தது. அதே மாதிரி போட எவ்வளவோ முயன்றும் இவர்களுக்கு வரவில்லை, நீ சொல்லிக்கொடு என்றார்.

அந்தக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. பெண்கள் இருவரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அள்ளினேன். கையைத் தாழ்த்தி, விரலை மெல்ல விரித்து, அப்பாவுக்குப் போட வேண்டியதை மீனுக்குப் போட்டுக் காட்டினேன்.