கேமரா இல்லாத கடை

பெரியவளே, சின்னவனே, மசூதி தெரு பாய் கடையில் கேமரா கிடையாது. எப்போதுமே இருந்ததில்லை. நான் சொன்னது பொய். நீங்கள் ஜோலார்பேட்டைப் பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு, உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அந்தக் கடை பழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் பாங்கு சொன்னதும் பாய் தொப்பியை மாட்டிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார். கடையை மூட மாட்டார். வாசலில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு அலுமினியத் தட்டு, நோட்டு பறக்காமல் இருக்க ஒரு எடைக்கல். வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைத் தட்டில் போட வேண்டும், சில்லறை வேண்டுமானால் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். போனில் காசு அனுப்ப சுவரில் ஸ்கேன் அட்டையும் உண்டு. ஆனாலும் நம் தெருவில் பாதிப் பேர் தட்டில்தான் போடுகிறார்கள்.

இத்தனை வருஷம் வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் நான் தோல் கம்பெனியில் இருப்பேன். இப்போது ஆர்டர் கம்மி என்று வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு வேலை இல்லை. அதனால்தான் பரீட்சை லீவில் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முட்டை வாங்கப் போனேன். ஆளில்லாத கடையில் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

முட்டையைப் பையில் வைத்தேன். காசை எடைக்கல்லுக்கு அடியில் வைத்தேன். அதோடு திரும்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பையின் வாயை அகலமாக விரித்து அந்த ஸ்டூலுக்கு நேரே காட்டினேன். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி நின்றேன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தெரியாமலே கை போய்விட்டது.

என் வேலை கட்டிங் பிரிவில். தோல் விலை உயர்ந்த சரக்கு. ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது என்று சாயங்காலம் கேட்டில் செக்கிங் நடக்கும். சாப்பாட்டுப் பையை விரிக்க வேண்டும், டப்பா மூடியைத் திறக்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும். செக்யூரிட்டி அக்குளிலிருந்து இடுப்புவரை தடவிப் பார்ப்பார். நல்ல மனுஷன். "இன்னா மச்சான், இன்னிக்கும் கத்திரிக்காதானா? ஊட்ல வேற காய் வாங்கறதில்லியா?" என்று கேட்டுக்கொண்டே தடவுவார். நானும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி நிற்பேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான். நான் எதையும் எடுத்ததில்லை. ஆனாலும் எடுக்கவில்லை என்று தினமும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கொத்தமல்லி எடுக்க வந்த பக்கத்துத் தெரு அக்கா, காசைத் தட்டில் வீசிவிட்டு என்னைப் பார்த்தது. "இன்னாண்ணா, ஸ்டூலுக்கு சலாம் போடறியா?"

சின்னவனே, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கையைத் தூக்கி என்னைப்போலவே நின்று காட்டினாய். பெரியவளே, நீ சிரிக்கவில்லை. "யாருக்குப்பா காட்ன?" என்று மட்டும் கேட்டாய். உன் கேள்விதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்டில் உங்கள் அப்பா எப்படி நிற்கிறான் என்பது நீங்கள் பார்க்கக் கூடாத ஒன்று. அதை நானே நடுக்கடையில் நடித்துக் காட்டியதுபோல் ஆகிவிட்டது.

"இன்னா சிரிப்பு? மேல கேமரா இருக்குது. எல்லாரும் காட்டிட்டுதான் போவணும்" என்று அதட்டினேன்.

நீங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தீர்கள். மேலே ஷாம்பூ சரம்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்னவனே, அடுத்த வெள்ளிக்கிழமை உன்னை மட்டும் முட்டைக்கு அனுப்பினேன். நான் எதிரே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். நீ காசு வைத்தாய். பையை விரித்துக் கூரைக்குக் காட்டினாய். கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினாய். இந்தத் தடவை சிரிப்பில்லை. நல்ல பிள்ளையாக, ஒழுங்காக, நான் நிற்பதுபோலவே நின்றாய்.

தொழுகை முடிந்து பாய் வந்துவிட்டார். "இன்னாடா பண்றே?"

"கேமராவுக்கு காட்றேன் மாமா. அப்பாதான் சொன்னாரு."

பாய் மேலே பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். என்னைக் கண்டுகொண்டார். நான் குனிந்து டயரைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பாய் உன் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டு, "பைய மூடிக்கினு போடா ராஜா, முட்ட ஒடஞ்சிடப் போவுது" என்றார்.

சாயங்காலம் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "இன்னாண்ணே, என் கடைல கேமரா வெச்சிகீறியாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நான் டீயைக் குடித்தேன்.

"அப்டி பாக்கறவனா இருந்தா ஷட்டர இழுத்துட்டுப் போயிருக்க மாட்டேனாண்ணே?" கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரலில் கேலி இல்லை. தெருவை நம்பித் திறந்து வைத்த கடை அது. அதில் ஒரு கண்ணைப் பொருத்தி வைத்தவன் நான். கம்பெனி கேட்டைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். டீக்குக்கூட அவர்தான் காசு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால், சின்னவனே, நீ கேட்டாய்: "மாமாவுக்கே தெர்லப்பா. ரகசிய கேமராவா?" நான் "உம்" என்றேன். அது இரண்டாவது பொய்.

நேற்று வெள்ளிக்கிழமை. நீங்கள் ஊரில் இல்லை. பாங்கு சொன்ன பிறகு தனியாகக் கடைக்குப் போனேன். உப்பு ஒரு பாக்கெட் எடுத்தேன், காசை வைத்தேன். கை தானாகப் பையின் வாயை விரிக்கப் போனது. அதை விரிய விடாமல், பையின் இரண்டு காதையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். அதன்மேல் இன்னொரு முடிச்சு. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஸ்டூலைத் தாண்டி இறங்கினேன். தெருமுனைவரை யாரோ பின்னாலிருந்து கூப்பிடப்போவதுபோல் முதுகு கூசியது. யாரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அப்படி இறுக்கியிருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.