பஞ்சர் மாமா போட்ட கடைசி ஒட்டு

பஞ்சர் மாமா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். யாருக்குச் சித்தப்பா, யாருக்குப் பெரியப்பா என்ற முறையெல்லாம் கல்யாண வீட்டோடு சரி; சொந்தத் தம்பி மகள்கூட வாய் தவறி மாமா என்றுதான் கூப்பிடுவாள். தெரு முக்கில் ஒரு தகரக் கொட்டகை, தொட்டித் தண்ணீர், உப்புத்தாள், சொல்யூஷன் டப்பா. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடம் பார்த்து ஒட்டுப் போடுவார். ஒட்டின் மூலைகளைக் கத்தரியால் வளைத்து வெட்டுவார். மூலை கூராக இருந்தால் உரிந்துவிடுமாம். அவர் ஒட்டிய இடம் மறுபடி கசிந்தது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஒருவரும் கிடையாது. அவர் சேர்த்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

ரப்பர் சுடுகிற புகை போதாதென்று சிகரெட் புகையும் சேர்ந்து அவர் நெஞ்சைக் கெடுத்தது. கொட்டகையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். காலையில் எழுந்தால் தலை பிளக்கும். பேசிக்கொண்டே இருப்பார், பாதியில் தலை தொங்கிவிடும். ஒருநாள் பெண்டாட்டியைப் பார்த்து, “யாரும்மா நீ, யாரைப் பாக்கணும்?” என்று கேட்டுவிட்டார். வாயாடி என்று பேர் எடுத்த அந்த அம்மாள், அன்றைக்குப் பதிலுக்கு வாயாடாமல் அவரை ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். “இவரால மூச்சை முழுசா வெளிய விட முடியல. விட வேண்டிய கெட்ட காத்து ரத்தத்துல தேங்கி மூளையை மயக்குது.” தொண்டையில் குழாய் எதுவும் இறக்கவில்லை. மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க்கை மாட்டிப் பட்டையால் கட்டினார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் மிஷின் காற்றைத் தள்ளிக் கொடுத்தது. மறுநாள் மாமா கண்ணைத் திறந்து, டீயில் சர்க்கரை இல்லை என்று பெண்டாட்டியைத் திட்டினார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மிஷினை வீட்டுக்கும் கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரி முழுக்க, மத்தியானம் கொஞ்ச நேரம். “காத்து கசியாம பாத்துக்கங்க” என்று பட்டையை இழுத்துக் காட்டிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டாள்.

“குதிரைக்குக் கடிவாளம் போட்ட மாதிரி இருக்குடி.”

“அதைக் கல்யாணத்தன்னிக்கே போட்டிருக்கணும்.”

மூக்குத்தண்டில் புண் வந்தது, வயிறு உப்பியது. ஆனால் தலைவலி போயிற்று. கொட்டகை வரைக்கும் நின்று நின்று நடந்து, தம்பியின் வேலையில் குற்றம் சொல்லிவிட்டு வரும் அளவுக்குத் தேறினார். ஆள் திரும்பக் கிடைத்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

அவரை அரித்தது அந்தச் சத்தம்தான். மாஸ்க்கின் முன்பக்கம் உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருந்தது.

“கசியுதுடி.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல.”

“உனக்கு எங்க கேக்கும்? கசியறதைக் கேட்டே பொழைச்ச காது இது.”

ஒரு மத்தியானம் மிஷினை ஓடவிட்டு, பேசினில் தண்ணீர் பிடித்து, மாஸ்க்கின் முனையை அமுக்கினார். வட்டமாகக் குமிழி கிளம்பியது. சின்னச் சின்ன ஓட்டைகள்.

“பாரு! சல்லடையைக் கொடுத்து அனுப்பியிருக்கானுங்க.”

“எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேங்க.”

“பஞ்சருக்கு டாக்டர்கிட்ட போகச் சொல்றியா? கத்தரியை எடுடி.”

அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். அவர் துடைத்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஓட்டைகளின் மேல் ஒட்டுப் போட்டார். மாட்டிக்கொண்டதும் உஸ் சத்தம் நின்றிருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

அப்படி ஒரு தூக்கம். புரளவில்லை, பட்டையை இழுக்கவில்லை. பார்க்க வந்த தம்பியை வாசலிலேயே நிறுத்தி, “இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குறார், எழுப்பாதீங்க” என்று திருப்பி அனுப்பினாள். சாயங்காலம் டீயோடு போய்த் தொட்டபோது உடம்பெல்லாம் வேர்வை. உதடு நீலம் பாரித்திருந்தது. உலுக்கினாள்; கண் திறக்கவில்லை.

வீட்டில் மாட்டியிருந்த மாஸ்க்கை ஆஸ்பத்திரியில் டாக்டர் திருப்பிப் பார்த்தார்.

“இதை யார் அடைச்சது? விட்ட மூச்சு வெளிய போற வழியே இந்த ஓட்டைங்கதான். அதே கெட்ட காத்தைத் திரும்பத் திரும்ப இழுத்திருக்கார்.”

மாமாவின் அக்கா நின்றாள், தம்பி நின்றார், தெருக்காரர்கள் பாதிப் பேர் நின்றார்கள். பெண்டாட்டி கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றாள்.

இந்த முறை டாக்டர்கள் தொண்டையில் குழாய் இறக்கியும் அவர் திரும்பவில்லை. மறுநாள் முடிந்துவிட்டது.

அக்கா வாயை மூடவில்லை. “புருஷன் மூச்சையே அடைச்சு வச்ச மகராசி” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்கள் மாமாவின் பெண்டாட்டி கொடுத்த தண்ணீரைக் குடிக்கத் தயங்கினார்கள். அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.

எல்லோரும் போனபிறகு மிஷினைப் பெட்டியில் வைக்கத் தம்பி வந்தார். மாஸ்க்கை எடுத்தவர், ஒட்டைக் கட்டைவிரலால் தடவினார். மூலைகள் வளைத்து வெட்டியிருந்தன.

“அண்ணி, இது உங்க கை இல்லையே.”

“உங்க அண்ணன் போட்ட ஒட்டு தப்பினதில்லைன்னுதானே ஊர்ல பேரு? அப்படியே இருக்கட்டும் தம்பி.”

தம்பி தலை குனிந்துகொண்டு, ஒட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பப் பார்த்தார். வரவில்லை.