துவாய் மேசையில் இரண்டு நாடுகள்

அன்று மேசையைச் சுற்றி நின்றவர்கள்: கென்யாக்காரி. தன்சானியாக்காரி. வண்டில் தள்ளும் தமிழ்நாட்டுத் தம்பி. பிறகு நான்.

இடம் மெல்பேர்னின் மேற்கில் ஒரு சலவைக் கூடம். ஆஸ்பத்திரியில் உடம்பு துடைக்கும் துவாய்கள் காய்ந்து, சூட்டோடு வரும். மடிக்க வேண்டும். பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். தம்பி ஏற்றிக்கொண்டு போவார். எட்டு வருடமாக இதுதான் என் வேலை. என் அடுக்கை இதுவரை ஒருவரும் திரும்ப எண்ணியதில்லை.

அவர்கள் இருவரின் ஆங்கிலமும் நல்லது. என்னுடையது ஓட்டை. ஆனாலும் விளங்கும். அவர்கள் பேசியதை என் பேச்சில்தான் எழுதுகிறேன்.

தன்சானியாக்காரி வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைப் பார்த்து "டாடா" என்றார். போய்வருகிறேன் என்கிறாராக்கும் என்று நான் கையை ஆட்டினேன். வந்தவுடனே போகிறாரே என்றும் நினைத்தேன். டாடா என்றால் அவர்கள் மொழியில் அக்கா. எங்கள் மேசையை அவர்களும் மேசா என்றுதான் சொல்வார்கள். அன்றிலிருந்து நான் இருவருக்கும் டாடா.

அவருக்குப் பதினொரு வயதில் ஒரு மகள். ஊரில், ஆருஷாவில், தன் அக்காவிடம் விட்டிருந்தார். மகளுக்கு விசா வரும்வரை. அது எப்போது என்று தெரியாது. கென்யாக்காரியின் அண்ணன் நைரோபியில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அன்று புதன்.

"எங்கட நாட்டில இருந்தா பிள்ளை முன்னேறும்" என்றார் கென்யாக்காரி.

"எங்கட நாட்டில இருந்தா பிள்ளை நிம்மதியா இருக்கும்."

"நிம்மதி எண்டு நீங்கள் சொல்லுறது நித்திரையை."

"நீங்கள் ஓடுற ஓட்டத்தில நித்திரை எங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "டாடா சொல்லட்டும். டாடா இரண்டு நாட்டையும் காணாதவ."

எனக்கு யாரும் இப்படித் தீர்ப்புக் கேட்டதில்லை. நான் எட்டாம் வகுப்பு. துவாயை வைத்து எண்ணலாம் என்றேன். ஒரு நல்லதுக்கு ஒரு துவாய். இடப்பக்கம் கென்யா. வலப்பக்கம் தன்சானியா.

சின்ன வகுப்பிலிருந்தே ஆங்கிலம். இடப்பக்கம் ஒன்று. வேலை கிடைக்கும். இன்னொன்று. சந்தையில் சாமான் மலிவு. வலப்பக்கம் ஒன்று.

"எங்கட ஊரில நீ எந்தச் சனம் எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டினம்" என்றார் தன்சானியாக்காரி.

 கென்யாக்காரி தானே ஒரு துவாயை மடித்து வலப்பக்கம் வைத்தார்.

"எல்லையில இருக்கிற பெரிய மலையும் எங்கட பக்கம்தான் நிக்குது" என்றார் மற்றவர்.

"வடிவாத் தெரியிறது எங்கட பக்கத்திலயிருந்து."

மலைக்குத் துவாய் இல்லை என்றேன். இருவரும் சிரித்தார்கள். பிறகும் அடுக்கிக்கொண்டே போனார்கள்.

தம்பி வண்டிலோடு வந்தார். "என்னக்கா இது? இதுல ஏழு, அதுல அஞ்சு. எந்த ஆஸ்பத்திரில இப்படிக் கேட்டாங்க?"

"பொறும் தம்பி. ஒரு பிள்ளையின்ர விஷயம்."

"சரிங்க நாட்டாமை" என்று வண்டிலில் சாய்ந்து நின்றார்.

ஏழு, ஐந்து. கணக்கில் கென்யா வென்றது. கென்யாக்காரி கை தட்டினார். தன்சானியாக்காரி தலையை ஆட்டினார். முகம் சரியில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றது பள்ளிக்கூடம் சரியில்லாமல் அல்ல. நல்ல பள்ளிக்கூடம். நல்ல பட்டினம். வேறு ஆட்களின் வீட்டில் விட்டிருந்தார்கள். ஒன்றரை வருடம் என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்தது. நான் படிப்பதை விட்டேன்.

அதை அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா ஆர் போவினம்?"

"அண்ணா போவார்" என்றார் கென்யாக்காரி.

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸில ஒண்டரை மணித்தியாலம். பாதை நெருக்கம் எண்டா இரண்டரை."

"இப்ப படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அக்காவின்ர வீட்டிலயிருந்து எவ்வளவு தூரம்?"

தன்சானியாக்காரிக்குத் தெரியவில்லை. "கிட்டத்தான். மகளைக் கேட்டுச் சொல்லுறன்."

நான் இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கினேன். பன்னிரண்டு. இரண்டை எடுத்துப் பத்தாக்கித் தம்பியிடம் கொடுத்தேன்.

வியாழன் முழுக்கத் துவாய் மடித்தோம்.

வெள்ளி காலை கென்யாக்காரி முதலில் வந்தார். "அண்ணாவுக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவ இரவு எனக்குப் போன் அடிச்சவ. ஆனா என்ர நாட்டுக்கு ஏழு. அதை மறக்கக்கூடாது டாடா."

"மறக்கமாட்டன்."

தன்சானியாக்காரி வந்து கைபேசியை மேசையில் வைத்தார். மகளின் குரல் பதிந்திருந்தது. எனக்கு விளங்கிய சொல் ஒன்றுதான். டாடா. அதை இரண்டு தரம் சொன்னாள். பிறகுதான் விளங்கியது, ஆருஷாவில் ஒரு பிள்ளை நான் கேட்டதற்காக நடந்து பார்த்திருக்கிறாள். அன்று துவாய் மடிக்கும்போது நான் நிமிர்ந்து நின்றேன்.

"என்ன சொல்லுறா?"

"பெரியம்மாவின்ர வாசலிலயிருந்து பள்ளிக்கூடப் படலைக் கதவுக்குக் காலடியை எண்ணிக்கொண்டு போனவளாம். பிழைச்சிருக்கும் எண்டு திரும்பி வரேக்கையும் எண்ணினவளாம். ஒரே கணக்குத்தானாம்."

"எத்தனை அடி?"

நானூற்றுப் பன்னிரண்டு.