சாவுப் பந்தலுக்குள் என் தங்கை பாடினாள்

என் தங்கைக்கு மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டு வாசலில் சாவுப் பந்தல் போட்டார்கள். திரௌபதை அம்மனை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லும்போது நான் அழ வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில், சேதராப்பட்டுக்குப் பக்கம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் நானும் தங்கை பூங்காவனமும் மட்டும்தான். அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையும் உண்டு. ஊர் அவளுக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத மாட்டேன். எழுத ஆரம்பித்தால் இது கோயில் மலர் என்றும் பார்க்காமல் வேறு வார்த்தைகளும் வந்துவிடும்.

அவளுக்குத் தெருக்கூத்து என்றால் உயிர். அட்டையை வெட்டி, ஜிகினா ஒட்டி, கிரீடம் செய்வாள். ரோஸ் பவுடரும் கண்மையும் வைத்து முகம் எழுதிக்கொள்வாள். நாக்குக் குழறும், தாளம் குழறாது. சாவு வீட்டுக்குப் போனால்கூட ஓரமாக உட்கார்ந்து ஒப்பாரியைப் பாடம் பண்ணிக்கொண்டு வருவாள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது அம்மன் திருவிழாவின் கடைசியில் நடக்கும் படுகளம். துரியோதனனின் மண்ணுருவத்தில் தொடை பிளந்த பிறகு, பாஞ்சாலி வேஷம் கட்டியவர் விரித்த கூந்தலை அள்ளி முடிவார். அதைப் பார்த்த வயதிலிருந்து தினமும் காலையில் என் தலையை அவிழ்த்துவிட்டு, பாட்டுப் பாடி, அவளே முடிந்துவிடுவாள். அந்தக் கொண்டையோடுதான் நான் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போவேன்.

போன மாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, சளி நெஞ்சில் இறங்கி, நிமோனியாவாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இதயம் பலவீனமாக இருக்கிறது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார் டாக்டர். அவர் கைவிடவில்லை. கைவிட்டது என் பெரியப்பா. நான் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். பின்னாலேயே பந்தல்காரரும் நாற்காலிகளோடு வந்து இறங்கினார்.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஆட்டோவை மறித்தேன். பெரியப்பா அதைப் போகச் சொல்லிவிட்டார்.

"இன்னாத்துக்குடி இழுத்துப் புடிச்சிக்கினு கெடக்கற? அது போய்ச் சேந்தா அதுக்கும் நிம்மதி, உனுக்கும் நிம்மதி."

என் நிம்மதியை இவரிடம் யார் கேட்டது? கூடி நின்றவர்களில் ஒருவர்கூட அவரைத் தடுக்கவில்லை. பாவம், பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். அந்த நிமிஷம் எனக்கு மனிதர் என்று யாருமே இல்லை.

வேறு ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினேன். வழியில் அம்மன் கோயில். கதவு பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை அவிழ்த்துப் போட்டேன். நான் கும்பிடவில்லை. சண்டைதான் போட்டேன்.

"நியாயம் கேட்டு நீயும் தலைய விரிச்சிப் போட்டவதான? நானும் விரிச்சிட்டேன். என் தங்கச்சி கைதான் இத முடியணும். இல்லன்னா இது இப்படியே கெடக்கும், உன் வாசல்ல இனிமே என் கால் படாது."

ஆட்டோவோடு நான் தெருவுக்குள் திரும்பியபோது, திருக்கனூர் சித்தி எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். பஸ் இறங்கி வந்தவள் பந்தலைப் பார்த்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டாள். அங்கேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தாள். அடித்துக்கொண்டே உள்ளே போய், பூங்காவனம் படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"மல்லியப்பூ பறிச்சி மடியில வச்சிருந்தேன்..."

அதற்கு மேல் சித்திக்கு வரவில்லை. அதே அடியை மறுபடி இழுத்தாள். மறுபடியும் நின்றது. அப்போதுதான் கட்டிலின் விளிம்பில் பூங்காவனத்தின் விரல் தட்டுவதைப் பார்த்தேன். கண் மூடியே இருந்தது. உதடு அசைந்தது. காற்றுப் போன குரலில் அடுத்த அடியை அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"மடி அவுந்து போச்சுதடி... மாலையாக் கட்டலியே..."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் இருந்தவர்கள் எல்லாம் உள்ளே ஓடிவந்தார்கள். தன்னுடைய ஒப்பாரியைத் தானே பாடியவளை இன்னும் என்ன சொல்லிப் படுக்கவைக்க முடியும்? உச்சுக்கொட்டியவர்களின் கைகள்தான் அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தன. பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் பந்தலைப் பிரிக்கச் சொன்னார்.

மருந்து வேலை செய்தது என்றார் டாக்டர். அவருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்த மருந்து இறங்குகிற வரைக்கும் என் தங்கையின் மூச்சைப் பிடித்து வைத்திருந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

வீடு திரும்பியும் அவள் கைக்கு வலு வரவில்லை. நான் தலையை முடியவில்லை. விரித்த தலையோடு மிஷின் முன்னால் நிற்க விடமாட்டார்கள், அதனால் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். ஊர் என்னைப் பைத்தியம் என்றது. சொல்லட்டும் என்று விட்டேன்.

சித்திரையில் படுகளம் வந்தது. அவளைப் பிடித்து அழைத்துப் போய் முன்வரிசையில் உட்காரவைத்து, அவள் காலடியில் உட்கார்ந்தேன். தொடை பிளந்தது. பாஞ்சாலி கூந்தலை அள்ளினார். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு நடுங்குகிற கைகள் என் முடியை அள்ளின. பாடிக்கொண்டே முறுக்கினாள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கொண்டை நின்றது. என் தோளைத் தட்டினாள்.

"நாளைக்கி வேலைக்குப் போக்கா."

அன்றுதான் அழுதேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், போனால் நிம்மதி என்று சொல்கிறவர்களை வாசற்படி ஏற்றாதீர்கள். அம்மனிடம் போங்கள். கும்பிட மனம் வராவிட்டால் நின்று சண்டை போடுங்கள். அவளும் சபையில் தலைவிரித்து நின்று கேட்டவள்தான். எனக்குக் காது கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள்.