சூனியக்காரிக்கு உடுத்திய சீலை

டென்மார்க்கில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று கேட்டால், ஹோர்சன்ஸ் கடற்கரையில் கழிந்த ஒரு ஜூன் மாலையைத்தான் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. டேனிஷ் படித்து முடித்து உயர்தர வகுப்பில் சேர்ந்திருந்தேன். வகுப்பில் வெளிநாட்டுக்காரி நான் ஒருத்திதான். நகரசபையான கொம்யூன் தந்த இரண்டு அறை வீட்டில் என்னோடு இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். கொழும்பில் தட்டெழுத்தாளராக இருந்தவர், இங்கே ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தார். எண்பத்துமூன்று கலவரத்தில் காடையர்கள் வீட்டை எரித்தபோது, உடுத்த சீலையோடு மதிலேறிக் குதித்து ஓடியவர். அந்த மஞ்சள் சீலையை அவர் பிறகு உடுத்ததில்லை. எறியவும் மனம் வரவில்லை. பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தார். அந்தக் கதையை அவர் சொன்னது எனக்கு மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ச் சனம் கூடியிருந்த வீட்டில், எல்லோருக்கும் முன்னால் அக்கா சொன்னார்: "இவள் வெள்ளைப் பெடியனோடை ஸ்டேஷனடியிலை கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவள். இனி இவளை ஆர் கட்டுவான்?"

பெண்கள் சிரித்தார்கள். அவன் என்னோடு படிக்கிறவன். விடைபெறும்போது டேனிஷ்காரர் அப்படித்தான் தழுவுவார்கள். நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அந்தக் கிழமையே சங்க்ட் ஹான்ஸ் வந்தது. கடற்கரையில் பெரிய நெருப்பு மூட்டி, வைக்கோல் சூனியக்காரி ஒன்றை அதன் உச்சியில் வைத்து எரிக்கும் கோடை விழா. எங்கள் வகுப்பு பொம்மை செய்தது. "உடுத்திவிடப் பழைய துணி ஏதும் கிடைக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். என்னிடம் இருக்கிறது என்றேன்.

அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம் பெட்டியைத் திறந்து சீலையை எடுத்தேன். போதாதென்று அவரையும் அழைத்தேன். "நீங்களும் வாங்கோ அக்கா, நல்ல வடிவாயிருக்கும்." என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, முகம் மலர்ந்தது. என் சிநேகிதர்களுக்கென்று ஒரு டப்பா நிறைய மீன் கட்லட் பொரித்துக்கொண்டு வந்தார்.

இரவு ஒன்பதரை ஆகியும் வெயில் இருந்தது. யாரோ கிட்டார் வாசித்தார்கள். விறகுக் குவியலின் மேலே, நான் கொய்யகம் மடித்து உடுத்திவிட்ட சீலையோடு பொம்மை நின்றது. அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"அது என்ரை சீலையெல்லே?"

"ஓம்."

"கெதியா ஏறி எடுத்துத் தா, பிள்ளை."

"நெருப்பு வைக்கப் போறாங்கள். தள்ளி நில்லுங்கோ."

வைத்தார்கள். பொம்மைக்குள் சீழ்க்கை வெடிகள் செருகியிருந்தோம். நெருப்பு ஏற, அது கீச்சென்று அலறியது. சனம் கைதட்டியது, பாடியது. நானும் பாடினேன். அக்கா டப்பாவை மணலில் போட்டுவிட்டு, காதுகளைப் பொத்திக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் ஓடினார்.

"அவருக்கு என்ன?" என்று அந்தப் பெடியன் கேட்டான்.

"அவ எப்பவும் இப்படித்தான்" என்று டேனிஷில் சொல்லிச் சிரித்தேன். கட்லட்டைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். வெறுங்காலோடு ஆடினேன். உடம்பு அவ்வளவு இலேசாக எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ஆறேழு கிழமை கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஐயாவின் கடிதம் வந்தது. நான் வெள்ளைக்காரனோடு குடும்பம் நடத்துவதாகவும், வயிற்றில் பிள்ளை என்றும் கேள்விப்பட்டாராம். இனி எனக்குப் பிள்ளையில்லை நீ, எழுதாதே என்றிருந்தது. கடிதத்தோடு குசினிக்குள் போனேன். அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களோ ஐயாவுக்கு எழுதினது?"

"ஓம், நான்தான்."

"பொய்யெண்டு தெரியுந்தானே?"

"தெரியும்" என்றார். கத்தி நிற்கவில்லை.

பிறகும் எட்டு மாதம் அந்த வீட்டில்தான் இருந்தோம், ஆளுக்கொரு அடுப்பில் சமைத்துக்கொண்டு. பின்னர் அவருக்குக் கோப்பன்ஹேகனில் வேலை கிடைத்தது.

ஐயாவுக்கு ஐந்து கடிதம் எழுதினேன். பதில் போடாமலே அவர் செத்துப்போனார். அக்கா எழுதியது அத்தனையும் பொய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் சத்தியம் செய்திருந்தேன். அவர் ஏன் அப்படி எழுதினார் என்பதை மட்டும் ஒன்றிலும் நான் சொல்லவில்லை.