பாதி டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர்

பிரசவ டாக்டரிடம் வேலை பார்க்கிறேன் என்றால், நாள் முழுக்கக் குழந்தை அழுகிற சத்தம்தான் கேட்கும் என்று நினைக்கிறார்கள். எங்கள் கதவை முதலில் தட்டுவது மூட்டு வலியும் தலைசுற்றலும்தான்.

கணபதி ஏரியாவில் லேத் பட்டறைகளுக்கு நடுவில் எங்கள் கிளினிக். டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, பிரசர் பார்ப்பது என் வேலை. வெள்ளகோவில் பக்கம் கிராமத்துப் பள்ளியில் படித்தவள், கல்யாணமாகி இங்கே வந்தேன். இதே மாதிரி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மண்டை காய்கிற அக்கா தங்கைகளே, இனி சொல்வது உங்களுக்கும் நடந்திருக்கும்.

எல்லாத்துக்கும் ஒரே டாக்டர்

ஒரு அம்மா துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார். தனக்குத் தூக்கமில்லை, மகளுக்கு முடி கொட்டுகிறது, வீட்டுக்காரருக்கு முழங்கால். "வீட்டுக்காரரை வேற டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க்கா" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"ரெண்டு தடவை என்ற வயித்தையே திறந்து பார்த்தவங்க இவிங்க. வேற எவிங்ககிட்டப் போயி நான் முதல்ல இருந்து ஆரம்பிக்கறது?"

கூட வந்தவர்

கர்ப்பிணியோடு துணைக்கு வரும் பெண்களுக்கும் பிரசர் பார்க்க வேண்டும் என்பது டாக்டரம்மா போட்ட சட்டம். அந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் மயிலக்கா. பட்டறை வைத்திருக்கும் குடும்பம். ஐம்பது வயது இருக்கும். மாசமாக இருக்கும் மருமகள் திவ்யாவை ஒவ்வொரு முறையும் அவர்தான் கூட்டி வருவார். வந்ததிலிருந்து எங்கள் தண்ணீர் கேனைக் காலி செய்துகொண்டே இருப்பார். கால் கட்டைவிரலில் மஞ்சள் பத்துப் போட்ட ஒரு கட்டு. செருப்புக் கடி என்றார். இரண்டு மாதமாக ஆறாத செருப்புக் கடி.

"அவங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாமா. சர்க்கரை முத்தி விரலையே எடுத்துட்டாங்க. அந்தப் பயத்துலதான் அத்தை காட்ட மாட்டீங்கறாங்க" என்று திவ்யா என் காதில் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கட்டைவிரல் மேலேயே கண். "உங்களுக்கும் ஒரு டோக்கன் போடட்டுங்களா?" என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன். மயிலக்கா சேலையைக் காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டோக்கன் போட்டா நோயாளி ஆயிருவேன் கண்ணு. நான் சும்மா கூட வந்தவ."

செவலைக்கு நாள் தள்ளுது

நடுவில் எங்கள் அப்பா வேறு. காலை நேரக் கூட்டத்தில் போன் அடித்து, "அம்மிணி, நம்ம செவல மாட்டுக்குக் கன்னு போடற நாள் தாண்டிப் போச்சு, உங்க டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேளு" என்றார். சிரிப்பார் என்று நினைத்து உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தவேயில்லை.

"மாட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லு. கன்னு போட்டதும் சீம்பால் எனக்கும் கொஞ்சம் வரணும்."

டம்ளர் காலி

திவ்யாவுக்கு ஆறாம் மாதச் சர்க்கரைப் பரிசோதனை. குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். டம்ளரைக் கையில் கொடுத்து, "மிச்சம் வைக்காமக் குடி" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு எடை பார்க்கப் போனேன். அது என் தப்பு. திரும்பி வந்தால் டம்ளர் காலி. கெட்டிக்காரி என்று மெச்சி, நேரத்தையும் குறித்தேன்.

கொஞ்ச நேரத்தில் திவ்யா தலையைக் குனிந்துகொண்டு, "பாதிக்கு மேல குமட்டிருச்சுங்க்கா. மிச்சத்தை அத்தை குடிச்சுட்டாங்க" என்றாள். மயிலக்காவோ, "பின்னே? அம்புட்டுச் சக்கரையவும் சிங்க்ல ஊத்தச் சொல்றியா? வீணாக்கலாமா?" என்று என்னையே மடக்கினார். திட்டு விழும் என்று தெரிந்தே உள்ளே போய் ஒப்புக்கொண்டேன். டாக்டரம்மா எழுந்து வெளியே வந்தார். கையில் விரல் குத்திப் பார்க்கும் மெஷின்.

"திவ்யாவுக்கு இன்னொரு நாள் பார்த்துக்கலாம். மயிலக்கா, வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, விரலை நீட்டுங்க."

ரெண்டு டோக்கன்

மெஷினில் வந்த எண் ரொம்ப அதிகம். மயிலக்கா எண்ணைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "எனக்கும் விரலை எடுத்துருவீங்களா அம்மிணி?" என்றபோது அந்தச் சத்தமான குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. டாக்டரம்மா குனிந்து கட்டை அவிழ்த்தார். புண் இன்னும் ஆழமாகப் போகவில்லை, இப்போதே பார்த்தால் ஆற்றிவிடலாம் என்றார். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்ததிலும் சர்க்கரை உறுதியானது. மாத்திரை எழுதிக்கொடுத்து, காலைக் காட்ட இன்னொரு டாக்டருக்குச் சீட்டும் கொடுத்தனுப்பினார். திவ்யாவுக்கு அடுத்த வாரம் பார்த்தபோது சர்க்கரையே இல்லை.

ஒன்பதாம் மாதம், வளைகாப்பு மாதிரி எங்கள் பக்கம் செய்யும் கட்டுச்சோறு விருந்துக்கு அழைக்க இருவரும் வந்தார்கள். மயிலக்கா எனக்குத் தெரிகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். கட்டு இல்லை, புது வெள்ளரிப் பிஞ்சு மாதிரி விரல். திவ்யாவின் பெயரை எழுத நான் பேனாவை எடுத்ததும் தடுத்துவிட்டார்.

"முதல் டோக்கன் எனக்குப் போடு கண்ணு. அவ சித்த உக்காரட்டும், அவ சும்மா கூட வந்தவ."

இப்போதெல்லாம் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தால் டம்ளரை விட்டு நான் அசைவதே இல்லை, ஆனால் கூட வந்தவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.